அண்ணி பக்கத்துச் சுவர்

நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டால் தீர்ப்பு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். "தப்பு உன்மேலதான்டா தம்பி, வாய மூடு" என்று வந்தால் நான் ஜெயித்தேன். "போதும்மா, அவன் பாவம், விட்டுடு" என்று வந்தால் அவர் ஜெயித்தார். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், சொந்த வீட்டில் சொந்தப் புருஷனை நிம்மதியாகத் திட்ட முடியவில்லையே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று நான் புலம்பாத நாள் கிடையாது.

தீர்ப்பு சொல்கிறவர் அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதுவும் நிரந்தர இரவு டூட்டி. என் மாமனார் தான் கட்டிய ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் மகனுக்கு, அந்தப் பக்கம் மகளுக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகளைப் பிரிக்கிறோமே என்ற வருத்தத்தில் செங்கலைக் கொஞ்சமாக வைத்துவிட்டார் போலிருக்கிறது. அங்கே தும்மினால் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். அண்ணியின் கணவர் இறந்து, மகளும் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு, அந்தப் பக்கத்தில் அண்ணி மட்டும்தான்.

எங்கள் பின்னறையும் அண்ணியின் படுக்கையறையும் அந்தச் சுவரின் இரண்டு பக்கங்கள். பின்னறையில்தான் என் தையல் மெஷின். திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை என்று வீட்டுச் சாமான்களுக்குத் தைத்துக் கொடுப்பது என் தொழில். அண்ணி டூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டுப் படுக்கும் நேரத்துக்கும் நான் மெஷினில் உட்காரும் நேரத்துக்கும் சரியாக இருக்கும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். மதியத்துக்கு மேல்தான் அவர் ஷிஃப்ட். ஆகவே காலையில் அவர் என் கைக்கும் வாய்க்கும் எட்டும் தூரத்தில் இருப்பார். மெஷின் ஒரு பக்கம் ஓடும், என் வாய் ஒரு பக்கம் ஓடும். வருடக்கணக்கில் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்த வூஃபர் வந்தது.

மனுஷனுக்கு சினிமா என்றால் உயிர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்திலும் "இறங்கணும், இறங்கணும்" என்ற கூச்சலிலும் கிடக்கிறவருக்கு, இருட்டு அறையில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மூடப்போகிற கடை ஒன்றில் பழைய புரொஜெக்டரும், தரை அதிர முழங்குகிற, என் இடுப்பு உயர வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியும் சல்லிசாகக் கிடைத்தன. பின்னறையில் என் மெஷினை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, எதிர்ச்சுவரில் வெள்ளைத் துணி கட்டினார். அதை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்ததும் நான்தான். வூஃபரை அண்ணி பக்கத்துச் சுவரோடு ஒட்டி வைத்தார். படத்தில் ஒரு குதிரைக் கூட்டம் ஓடியது. என் ஊசி டப்பா மேஜையிலேயே நடந்து நடந்து ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது.

"எப்படி?" என்றார், பத்து வயசுப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நன்றாகத்தான் இருந்தது. நானும் தைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கக் காலையில் படம்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதுவே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாரக் கடைசியில் அண்ணி வந்து கதவைத் தட்டினார். அவர் கதவைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. தெருவிலிருந்தே "டீ போட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்கு வருகிறவர். கண் இரண்டும் சிவந்து, முகம் வீங்கியிருந்தது.

"சண்டை போட வரலடா தம்பி. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லுக்கா."

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியாகுது. வேணுமான்னு என்னைக் கேட்டிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"சொந்த வீட்டை வச்சுக்கிட்டு எதுக்குக்கா குவார்ட்டர்ஸ்?"

"பகல்ல தூங்கணும்டா. நேத்து ஒரு குழந்தைக்கு மருந்து எடுக்கறேன், பாட்டில்ல இருக்கற எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. திரும்பத் திரும்பப் படிச்சேன். நம்பிக்கை வரல. பக்கத்து வார்டுப் பொண்ணைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொல்லித்தான் குடுத்தேன். என்னிக்காவது அசந்து, படிக்காமக் குடுத்துட்டேன்னு வை..."

என் வீட்டுக்காரர் எழுந்து போய் வூஃபரின் வயரைப் பிடுங்கினார். "நாளைக்கே வித்துடறேன்க்கா. நீ எங்கயும் போகாத."

"விக்காதடா. உனக்கும் ஒரு ஆசை வேண்டாமா? நான்தானே ஊர் தூங்கறப்போ முழிச்சுக்கிட்டு, ஊர் முழிச்சிருக்கறப்போ தூங்கறேன்."

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது "சரி அண்ணி, போயிட்டு வாங்க" என்பதுதான். தீர்ப்பும் இல்லை, தொல்லையும் இல்லை. ஆனால் அண்ணியின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் மரியாதை போய்விடும். அதனால் கோபம்தான் வந்தது.

"யாரும் எதையும் விக்க வேணாம், யாரும் எங்கயும் போகவும் வேணாம். சத்தம் அந்தப் பக்கம் போகாம அடைச்சாப் போச்சு. இதுக்குப் போய் ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு!"

"அடைக்கறதுன்னா செலவு தெரியுமா உனக்கு? அதுக்குன்னு ஆளுங்க வந்து, அளந்து..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"இருக்கறத வச்சு அடைப்போம். பதில் சொல்ல மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கில்ல?"

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரிம்மா. பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் முட்டை அட்டை சேர்க்க ஆரம்பித்தார். முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் போகாது என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது, அவர் பஸ் நிற்கும் இடத்திலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டார். கோழிப்பண்ணை வைக்கப் போகிறாயா என்று டிப்போவில் கேட்டார்களாம். நான் என் பங்குக்குக் கழித்துப்போட்ட மெத்தை ஃபோமை வெட்டி, இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, சுவர் முழுக்கத் தொங்கும்படி ஒரு பெரிய உறை செய்தேன். என் வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் அப்படியே அமுங்கியது. படம் போட்டோம். வசனம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அண்ணிக்குப் போன் போட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அடைப்பு எப்ப போடப் போறீங்க?" என்றார்.

"போட்டாச்சு அண்ணி. முட்டை அட்டையெல்லாம் ஒட்டி, உறையெல்லாம் மாட்டி, இப்ப படம் ஓடிட்டிருக்கு."

"அப்படியா? முன்னாடி இருந்ததுக்கு இப்பக் குதிரை கொஞ்சம் கிட்ட வந்திருக்கு" என்றார் அண்ணி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முட்டை அட்டையை என் வீட்டுக்காரர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அவர் பாவம், ஏற்கெனவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மெத்தென்ற சாமான் அறைக்குள் எதிரொலியை விழுங்குமே தவிர, சுவரைத் தாண்டிப் போகிற சத்தத்தைப் பிடித்து நிறுத்தாது என்று அப்புறம்தான் தெரிந்தது. தாண்டுகிறதை நிறுத்தக் கனமான சாமான் வேண்டும், ஓட்டை இருக்கக்கூடாது. இதை முதலிலேயே விசாரித்திருக்கலாம். எங்கள் வீட்டில் எதையும் செய்து முடித்துவிட்டுத்தான் விசாரிப்போம்.

அன்று சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும்போது அண்ணி எங்கள் வீட்டுக்குள் வந்தார். பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டினார். அன்று என் வீட்டுக்காரருக்கு லீவு.

"டேய், அந்தக் குதிரையைப் போடு."

"எதுக்குக்கா?"

"எங்க வலிக்குதுன்னு தெரியாம மருந்து குடுத்துட்டிருக்கீங்க ரெண்டு பேரும். போடு."

தன் வீட்டுக்குப் போய், சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நானும் கூடவே போய் நின்றேன். நோயாளியிடம் சொல்வதுபோல "மூச்சை இழுத்து விடு" என்று சுவரிடம் சொல்லாததுதான் பாக்கி. மேலே ஒன்றும் பெரிதாக இல்லை என்றார். நடுவில் வசனம் லேசாகக் கேட்கிறது என்றார். தரையோடு ஒட்டி வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இந்தாம்மா, இங்க கேளு. நாடி துடிக்கறது இங்கதான்."

காதில் மாட்டிப் பார்த்தேன். சுவர் அல்ல, தரை இடித்தது. வூஃபர் தரையில் உட்கார்ந்திருந்தது, தரை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். இத்தனை நாள் நாங்கள் சுவருக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தோம்.

அப்புறம் வேலை வேகம் பிடித்தது. டிப்போவில் கழித்துப்போட்ட டயர்களை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி, கத்தியால் அறுத்து, வூஃபருக்கு அடியில் அடுக்கடுக்காக வைத்தார். பெட்டியையும் அண்ணி பக்கத்துச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தினார். கண்காட்சி ஒன்று முடிந்து பிரித்துப் போட்டிருந்த ஜிப்சம் பலகைகளைப் பேசி எடுத்து வந்தார். அந்தப் பலகைகளை வைத்துப் பழைய சுவருக்கு முன்னால், அதைத் தொடாமல், இன்னொரு சுவர் நிறுத்துவதுதான் திட்டம். நடுவிலே இடைவெளி. அந்த இடைவெளியில் திணிக்க என்னிடம் சரக்கு இருந்தது. தைத்து மிச்சமான வெட்டுத்துணி, மூட்டை மூட்டையாக. என்றாவது உதவும் என்று நான் சேர்த்து வைத்ததையெல்லாம் "குப்பை, குப்பை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு மூட்டையைத் தூக்கும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பலகை நிறுத்த ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிச்சுடலாம்" என்பார், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. கை சுத்தம், வேலை பலம். பலம்தான் அதிகம். புதுச் சுவர் ஆடக்கூடாது என்று, எங்களைக் கேட்காமல், நல்லெண்ணத்தில், பழைய சுவரோடு சேர்த்துக் குறுக்கே கட்டை வைத்து ஆணி அடித்துவிட்டார். தொடக்கூடாது என்பதுதானே விஷயமே! பலகை போட்டு மூடியபிறகு அண்ணி ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "இந்த இடத்துல மட்டும் குதிரை ஓடுது" என்று தன் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அளந்து பார்த்து இந்தப் பக்கம் பலகையைக் கழற்றினால், சரியாக அங்கே கட்டை.

"ஆடாம இருக்கட்டும்னுதான்மா வச்சேன்" என்றார் 'நாளைக்கு'.

"ஆடட்டும்ங்க. எங்க வீட்ல எல்லாருமே ஆடறவங்கதான், சுவரும் ஆடிட்டுப் போகட்டும். எடுங்க அதை!" என்றேன்.

கட்டையை எடுத்ததும் இடியெல்லாம் நின்றது. கதவுக்குப் பலகை ஒட்டிக் கனமாக்கி, அடியில் ரப்பர் பட்டை அடித்தோம். கடைசியாக ஒரே ஒரு இடம் மட்டும் மிஞ்சியது. அந்தக் காலத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போன் லைன் இருந்தபோது, சுவரில் ஒரு ஓட்டை போட்டு, இந்தப் பக்கம் ஒரு பெட்டியும் அந்தப் பக்கம் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். போனும் போய்விட்டது, வயரும் போய்விட்டது, ஓட்டை மட்டும் இருந்தது. அதையும் 'நாளைக்கு' மறக்காமல், "பின்னாடி போன் வேணும்னா?" என்று பலகையில் அழகாக ஜன்னல் வெட்டி விட்டிருந்தார். என் தலையெழுத்து. சுவரில் பூசுகிற பட்டி மாவைக் குழைத்து நானே ஓட்டையை அடைத்தேன்.

படம் போட்டோம். முழுச் சத்தத்தில். என் ஊசி டப்பா மறுபடி நடந்தது. அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"போட்டுட்டீங்களா?"

"அப்பவே போட்டாச்சு அண்ணி."

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். "ஒண்ணுமே கேக்கல."

என் வீட்டுக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. அன்றைக்குப் பார்த்த படம் மாதிரி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை, கதை மறந்துவிட்டது, ஆனால் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த சந்தோஷம் மறக்கவில்லை. மறுநாள் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக அவரை ஆசைதீரத் திட்டினேன். தடுக்க ஆள் இல்லை. திட்டி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தீர்ப்பு வரவில்லை. ஜெயித்தேனா தோற்றேனா என்றே தெரியவில்லை. சப்பென்று ஆகிவிட்டது.

சில நாள் கழித்து அண்ணி மறுபடி கதவைத் தட்டினார். எனக்குத் திக்கென்றது. முகம் முன்னைவிட மோசமாக இருந்தது.

"இப்பவும் கேக்குதாக்கா?" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"இல்லடா. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. நீங்க பண்ணினது பிரமாதம்." அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். "அதான்டா தூக்கம் வரல."

"சத்தம் இல்லன்னா தூக்கம் வரணுமே அண்ணி!" என்றேன்.

"வார்டுல ராத்திரி ஏதாவது சத்தம் இருந்துட்டே இருக்கும். மெஷின் சத்தம், இருமல், ஒருத்தர் முனகறது. சத்தம் இருந்தா நாங்க உக்காந்திருப்போம். சத்தம் நின்னாத்தான் எழுந்து ஓடுவோம். ஏதோ ஒண்ணு நின்னு போச்சுன்னா அர்த்தமே வேற. எத்தனை வருஷப் பழக்கம்? இப்ப கண்ண மூடினா ஒரே அமைதி. உடம்பு தூக்கிவாரிப் போடுது. எழுந்து எழுந்து உக்காந்துக்கறேன். இன்னிக்கு செருப்பைக்கூட மாட்டிட்டேன், எங்க ஓடறதுன்னு தெரியல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "குவார்ட்டர்ஸ்ல வராண்டாவுல ஆள் நடமாட்டம் இருக்கும். அங்கயே போயிடறேன். நாளைக்குத்தான் கடைசி நாள். சொல்லிடப் போறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாடிங்கறீங்க, வட்டம் போடறீங்க, அடை அடைங்கறீங்க! என் துணி மூட்டை பூராவும் உள்ள போயிருக்கு! இப்ப வந்து அமைதியா இருக்குன்னா நாங்க எங்க போறது? இத்தனை வருஷம் அந்த ரூம்ல எப்படித்தான் தூங்கினீங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார். "எப்படியா? உன் வாயாலதான்."

"என்னது?"

"நான் வந்து படுப்பேன். உன் மெஷின் ஓடும். நடு நடுவுல நீ இவனைத் திட்டுவ. இவன் ஏதாவது முணுமுணுப்பான், நீ இன்னும் சத்தமாத் திட்டுவ. சரி, அந்தப் பக்கம் எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நினைச்சுப்பேன். அப்படியே தூங்கிடுவேன். கட்டில் ஆடி நான் முழிச்சதெல்லாம் அந்த வூஃபர்னாலதான். உன் சத்தம் என்னை எழுப்பினதே இல்லம்மா."

திட்டுவதற்காக ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

"என்ன பண்றே?" என்று பின்னாலேயே வந்தார் என் வீட்டுக்காரர்.

"பாத்தா தெரியல?"

போன் ஓட்டையில் காய்ந்திருந்த பட்டியைக் குத்திக் குத்திப் பெயர்த்தேன். வெள்ளைத் தூள் மூக்கிலும் வாயிலும் ஏறியது. உள்ளே பிதுங்கிய வெட்டுத்துணியை இழுத்து வெளியே போட்டேன். அந்தத் துணிகளிலேயே குட்டியாக ஒரு தலையணை தைத்து, ஓட்டைக்குக் கச்சிதமாக ஒரு மூடி செய்தேன். வூஃபர் இடிப்பது தரை வழியாக, அதற்கு டயர் இருக்கிறது. வாய்ச்சத்தம் போக இந்த ஓட்டை போதும். அண்ணி தூங்குகிற வரைக்கும் மூடியை எடுத்துவிடுவது, தூங்கியபிறகு மூடியைச் சொருகிவிட்டுப் படம் போடுவது.

"அண்ணி, நாளைக்குக் காலைல ஒரு தடவை படுத்துப் பாருங்க. தூக்கம் வரலன்னா மதியமா போன் பண்ணி அந்த ரூமை எடுத்துக்கோங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் எழுந்தால் எனக்குக் குரல் இல்லை.

பட்டித் தூள் தொண்டையைக் கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெந்நீர் குடித்தேன், உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. என் வாழ்நாளில் திட்டச் சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்ட ஒரே காலை, அன்றைக்குப் பார்த்து இப்படி. அழுகையே வந்துவிட்டது.

அண்ணி வந்து கதவு திறக்கும் சத்தம், குளிக்கும் சத்தம், கட்டில் முனகும் சத்தம் எல்லாம் ஓட்டை வழியாகக் கேட்டன. நான் மெஷினில் உட்கார்ந்து வெறுமனே ஓட்டினேன். கட்டில் முனகிக்கொண்டே இருந்தது. புரண்டு புரண்டு படுக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து ஓட்டையிலிருந்து குரல். "என்னம்மா, திட்டலையா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, "அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுக்கா" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, விடு. அவளைத் தொந்தரவு பண்ணாத. நான் ஆஸ்பத்திரிக்குப் பேசிடறேன்."

"இரு, இரு. போன எடுக்காத" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்து ஓட்டைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏங்க, உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு! கட்டில் என்ன துணி காயப்போடற கொடியா?"

நான் மெஷினை நிறுத்தினேன். அது என் வாக்கியம். என் இழுவை, என் எரிச்சல், அப்படியே.

"நிறுத்தாத, ஓட்டு" என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார். "குளிக்கப் போனா வாளியத் திருப்பி வைக்கறதில்ல. டீ குடிச்சா கிளாஸ் எங்க இருக்குன்னு நான் தேடணும். ஜன்னல் மேல ஒண்ணு, செருப்புப் பக்கத்துல ஒண்ணு. கேக்குதா காதுல? சுவத்துக்கிட்ட பேசற மாதிரில்ல இருக்கு!"

ஒன்றுவிடாமல் சொன்னார். நான் மறந்துபோனதையெல்லாம் சொன்னார். காதிலேயே வாங்கவில்லை என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகச் சொன்னதெல்லாம் அங்கே பத்திரமாக இருந்தது. மெஷினை ஓட்டிக்கொண்டே கேட்டேன். அண்ணியின் கட்டில் முனகுவது குறைந்தது.

அப்புறம் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "பஸ்ஸ எடுத்துட்டுப் போறீங்க. திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசிரு உசிராவா இருக்கு? டிப்போ போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணா குறைஞ்சா போயிடுவீங்க?"

அதை நான் எப்போதோ, அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. எனக்குக் கண் மறைத்தது, துணியில் தையல் எங்கெங்கோ போயிருந்தது.

"தப்பு உன்மேலதான்டா..." என்று ஓட்டையிலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. அண்ணி குறட்டை விடுவார் என்று அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் அது நல்ல பலமான குறட்டை.

என் வீட்டுக்காரர் மூடியை எடுத்து மெதுவாகச் சொருகினார். "படம் போடட்டுமா?" என்று கிசுகிசுத்தார். தலையாட்டினேன். ஷிஃப்டுக்கு நேரமாகும் வரை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். குதிரை ஓடியது, டப்பா நடந்தது, அண்ணி எழவில்லை.

சாயங்காலம் அண்ணி தெருவிலிருந்தே "டீ போட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கண் தெளிந்திருந்தது. அடுப்படியில் நின்றபடியே கிளாஸை எடுத்து ஊதிக் குடித்தார்.

"போன் பண்ணி ரூம் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். "ஆனா நாளைக்கு நீயே திட்டு. அவன் திட்டினா நடுவுல நடுவுல குழையறான். தாலாட்டு மாதிரி இருந்தாலும் அது முறையில்ல."

நான் சிரித்தேன், சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். எடுத்தேன்.

"டிப்போ வந்து சேர்ந்துட்டேன்" என்றார். ஷிஃப்ட் ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆகிறது, இப்போதுதான் வந்து சேர்ந்தாராம்! எனக்கு வாய் பரபரத்தது, குரல்தான் இல்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏன்டா இவ்வளவு லேட்டுன்னு கேக்கறா. தப்பு உன்மேலதான்" என்றார்.